மூத்தவளும் குழந்தையே: பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நிறைந்த பெற்றோர்களே,

இரண்டோ மூன்றோ குழந்தைகளைப் பெற்று, அவர்களுள் மூத்ததைப் பற்றி, 'அவளுக்கென்ன, விவரம் தெரிந்தவள், எதைச் சொன்னாலும் புரிந்துகொள்வாள்' என்று உற்றார் உறவினரிடம் பெருமிதத்தோடு சொல்லிவரும் உங்களை நோக்கியே இம்மடலை வரைகிறேன். விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடு கூடியிருந்து பார்க்கத்தக்க படம் எதுவென்று கேட்போர் உங்களிற் பலர். அக்கேள்விக்கு விடையாக ஒரேயொரு படத்தின் பெயரைச் சொல்லி, அதை ஏன் சொல்கிறேன் என்பதைச் சற்று விஸ்தாரமாகவே விளக்க விரும்புகிறேன். ஜப்பான் தேசத்தைச் சேர்ந்த ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கி, 1988-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ஆம் தேதி வெளிவந்த 'என் அண்டை வீட்டு டோட்டோரோ' என்னும் சித்திரப் படமே அது.

படத்தைப் பார்க்காதவர்களும் டோட்டோரோவைப் பார்த்திருப்பார்கள். சாம்பல் நிறத்துப் பருத்த உடம்பும், கூரிய காதுகளும், அகன்ற வாயும் கொண்ட அந்த வனவாசியின் உருவம், படத்தைத் தயாரித்த ஜிப்லி நிறுவனத்தின் இலச்சினையாகவே அமைந்து, பஞ்சடைத்த பொம்மைகளாகவும் குழந்தைகளின் பைகளாகவும் தேசந்தோறும் உலவிவருகிறது. இந்தப் பிரசித்தியே படத்துக்கு ஒரு வகையில் அநீதி செய்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். 86 நிமிஷம் ஓடும் இப்படத்தில் டோட்டோரோ கண்முன் நிற்கும் நேரம் சொற்பமே. எஞ்சிய நேரமெல்லாம் நாம் பார்ப்பது, சாட்சுகி என்ற பெயருடைய பத்துப் பன்னிரண்டு பிராயத்துச் சிறுமி ஒருத்தி, தாயார் வீட்டில் இல்லாத நாட்களில் அவ்வீட்டைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, அது தனக்குப் பாரமே இல்லை என்பதுபோல ஓடியாடிச் சிரித்துக்கொண்டிருப்பதைத்தான். டோட்டோரோவின் படம் என்று உலகம் சொல்வதை நான் சாட்சுகியின் படம் என்று சொல்வேன்.

கதையென்று எடுத்துரைக்க அதிகமில்லை. 1950களின் ஜப்பானில், டோக்கியோவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருக்கும் தகப்பனார் ஒருவர், தம் இரு பெண்மக்களையும் வீட்டுச் சாமான்களையும் ஒரு சிறு லாரியில் ஏற்றிக்கொண்டு கிராமத்துப் பழைய வீடொன்றுக்குக் குடிவருகிறார். தாயார் நெடுநாள் நோயாளியாகத் தொலைவிலுள்ள மலைச்சாரல் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வீட்டின் அருகே வானளாவிய கற்பூர மரம் ஒன்றும், அதனுள்ளே மனிதர்களுக்கு எளிதில் புலப்படாத டோட்டோரோவும் வாசம் செய்வதை இளையவளான நான்கு வயது மேய் முதலிலும், சாட்சுகி பின்னரும் கண்டறிகிறார்கள். கதையில் தீயவன் எவனும் இல்லை, சண்டையில்லை, சூழ்ச்சியில்லை. காஸுவோ ஓகா தீட்டிய வயல்களும் வாய்க்கால்களும் மரநிழல்களும், ஜோ ஹிசாய்ஷியின் சங்கீதமும் சேர்ந்து, ஒன்றும் நிகழாத கோடைநாள் ஒன்றை நம் கண்முன் விரித்துக் காட்டுகின்றன. இக்காட்சிகளுக்கு ஆதாரமான ஸாயாமா குன்றுகளின் காடுகளைக் காப்பதற்காகப் பொதுமக்கள் நன்கொடை திரட்டி, 1991-ல் முதல் நிலத்துண்டை விலைக்கு வாங்கி, அதற்கு டோட்டோரோவின் காடு என்றே பெயரிட்டனர் என்பதை இங்கே சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். மரத்தை நேசிக்கக் கற்பிக்கும் படம் என்று இதைப் புகழ்வோர் பலர் உண்டாகையால், நான் சொல்ல வந்தது வேறு.

ஒரு காலைப்பொழுதைப் பாருங்கள். தகப்பனார் கண்விழிக்கத் தாமதமாகிவிடுகிறது. மத்தியான உணவு கட்டவேண்டிய நாள் அது என்பதையே அவர் மறந்துபோயிருக்கிறார். அவர் பதறி எழுந்து வரும்போது, சாட்சுகி அடுப்பங்கரையில் நின்று, தகப்பனாருக்கும் தங்கைக்கும் தனக்குமாக டப்பாக்களில் சோற்றையும் பதார்த்தங்களையும் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அவர் வருத்தம் தெரிவிக்கிறார். அவள் அதைப் பொருட்படுத்தவேயில்லை. வாசலில் தோழி வந்து அழைத்ததும் அள்ளிப்போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிறாள். பார்க்கும் நமக்கு அது ரம்மியமான காட்சி; அந்தச் சிறுமியின் சாமர்த்தியத்தை மெச்சிப் புன்னகை செய்கிறோம். அவ்வாறு மெச்சும் க்ஷணத்திலேயே நாமும் அந்தக் குடும்பத்துப் பெரியவர்களில் ஒருவராகிவிடுகிறோம் என்பதை இயக்குநர் அறிந்தே செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஊர்ப்பாதையில் நட்டிருக்கும் சுமைதாங்கிக் கல்லை நோக்கி, உனக்கு வலிக்கிறதா என்று எவரும் வினவுவதில்லை. வீட்டின் மூத்த பிள்ளையையும் நாம் அப்படித்தான் பாவிக்கிறோம்.

ஆஸ்பத்திரிக் காட்சி இன்னும் நுட்பமானது. தகப்பனார் சைக்கிளில் இருவரையும் ஏற்றிக்கொண்டு தாயாரைப் பார்க்கப் போகிறார். மேய் தாயின்மேல் பாய்ந்து கட்டிக்கொள்கிறாள். சாட்சுகியோ சற்று ஒதுங்கி நின்று, புது வீட்டின் சேதிகளைப் பெரியவர்களுக்குரிய நிதானத்தோடு எடுத்துச் சொல்கிறாள். அதன்பின் தாயார் சீப்பை எடுத்து மூத்தவளின் குட்டையான தலைமயிரை வாரிவிடுகிறாள். தன் சிறுவயதில் தன் கூந்தலும் இப்படியே இருந்தது என்கிறாள். வளர்ந்தால் தன் கூந்தலும் தாயாருடையதைப்போல ஆகுமா என்று சாட்சுகி கேட்கிறாள். நோயாளிக்கு எழுந்து சமைக்கவோ, மகளைப் பள்ளிக்கு அனுப்பவோ சக்தியில்லை. சீப்பைப் பிடிக்க மட்டும் சக்தியிருக்கிறது. அந்தச் சக்தியை அவள் மூத்தவளுக்கே செலவிடுகிறாள். எவரும் கவனியாத குழந்தை எதுவென்பது தாய்க்குத் தெரிந்திருக்கிறது. நீண்ட சம்பாஷணைகளால் சொல்லமுடியாத ஒன்றை அரை நிமிஷத்துச் சீப்போட்டம் சொல்லிவிடுகிறது.

தகப்பனாரைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும், ஏனெனில் உங்களிற் பல தந்தையர் அவரிடமிருந்து கற்கத்தக்கது ஒன்று உண்டு. மேய் முதன்முதலாக டோட்டோரோவைக் கண்டு, அதன் வயிற்றின்மேலேயே உறங்கி, பின் புதரிடையில் தனியே கிடந்து விழித்தபோது, தான் கண்டதைக் காட்டுகிறேன் என்று தமக்கையையும் தகப்பனாரையும் அழைத்துச் செல்கிறாள். போன வழியோ மறைந்துபோயிருக்கிறது. இருவரும் சிரிக்க, தான் பொய் சொல்லவில்லை என்று குழந்தை முகம் வாடி நிற்கிறது. அப்போது அவர், நீ பொய் சொன்னதாக நாங்கள் நினைக்கவில்லை, நீ இந்த வனத்துக்கு உரியவரைச் சந்தித்திருக்கிறாய், அது பெரும் பாக்கியம், ஆனால் விரும்பியபோதெல்லாம் அந்தத் தரிசனம் கிட்டாது என்ற கருத்துப்படப் பேசி, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் கற்பூர மரத்தின்முன் நின்று, தம் மகளைப் பார்த்துக்கொண்டதற்காக மரத்துக்குத் தலைவணங்கி நன்றி கூறுகிறார். இதைப் பார்த்துவிட்டு, பேய் பூதங்களை நம்பக் குழந்தைகளுக்குக் கற்பிக்கலாமா என்று கேட்கும் பெற்றோரை நான் அறிவேன். அவர் கற்பித்தது பூதத்தை நம்புவதையன்று. தன் சொல்லைத் தன் தகப்பன் மதிப்பான் என்று நம்புவதையே அவர் அக்குழந்தைக்குக் கற்பித்தார். தான் கண்டதைச் சொல்லிப் பரிகசிக்கப்பட்ட பிள்ளை, நாளைக்குத் தான் பட்டதையும் சொல்லாது.

இத்தனை நல்ல தகப்பனாரும் ஒன்றைத் தவறவிடுகிறார். இளையவள் கேட்கிறாள், அழுகிறாள், அடம்பிடிக்கிறாள். ஆகவே அவளுக்கு விடை கிடைக்கிறது. மூத்தவள் ஒன்றும் கேட்பதில்லை; ஆகவே அவளுக்குக் கேள்வியே இல்லையென்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள்.

படத்தின் மிகப் பிரசித்தமான காட்சி, மழைபெய்யும் இரவில் பஸ் நிறுத்தத்தில் நிகழ்வது. குடை எடுத்துச் செல்லாத தகப்பனாருக்காகச் சகோதரிகள் காத்திருக்கிறார்கள்; ஒரு பஸ் வருகிறது, அதில் அவர் இல்லை; இருட்டிவிடுகிறது; மேய்க்குத் தூக்கம் வந்து, சாட்சுகி அவளை முதுகில் சுமந்துகொள்கிறாள். அப்போது தலையில் ஓர் இலையை மாத்திரம் வைத்துக்கொண்டு டோட்டோரோ அருகில் வந்து நிற்கிறது. அவள் தகப்பனாருக்கென்று கொண்டுவந்த குடையை அதற்குக் கொடுத்து, பிடிக்கும் விதத்தையும் காட்டிக்கொடுக்கிறாள். மரத்திலிருந்து குடைமேல் விழும் துளிகளின் ஓசையில் அது பரவசமடைகிறது. இக்காட்சியின் ஹாஸ்யத்தையும் அழகையும் எல்லோரும் பேசுவார்கள். என் கண்ணோ ஒவ்வொரு முறையும், நழுவும் தங்கையைத் திரும்பத் திரும்ப மேலே தூக்கிவிட்டுக்கொள்ளும் அந்த மெல்லிய முதுகின்மேலேயே நிலைத்துவிடுகிறது. வனத்தின் தெய்வம் போன்றதொன்று பக்கத்தில் வந்து நின்றபோதும், அந்தச் சிறுமிக்கு முதலில் தோன்றியது அது நனைகிறதே என்பதுதான். பராமரிப்பது அவளுக்கு அவ்வளவு சுபாவமாகிப்போயிருக்கிறது. நல்லவேளையாக டோட்டோரோ கைம்மாறு அறிந்தது: இலையில் பொதிந்த விதைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அப்படத்தில் அந்த நாள்வரையில், கேளாமலே சாட்சுகிக்கு ஒன்றைக் கொடுத்தவர்கள் இருவரே, அன்று சாயங்காலம் கொட்டும் மழையில் தன் குடையை அவள் முன் நீட்டிவிட்டு, பேசாமல் நனைந்துகொண்டே ஓடிப்போன கான்டா என்ற பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், டோட்டோரோ மற்றொன்று.

பிறகு தந்தி வருகிறது. தாயார் சனி, ஞாயிறு நாட்களில் வீட்டுக்கு வந்து தங்கிப்போவதாக ஏற்பாடாகியிருந்த வேளையில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தத் தந்தி உடனே தொடர்புகொள்ளும்படி சொல்கிறது. வீட்டில் பெரியவர் எவருமில்லை. தொலைபேசி இருக்கும் வீட்டுக்குக் கான்டாவோடு ஓடிச்சென்று, டோக்கியோவிலுள்ள தகப்பனாரை அழைத்து விஷயத்தைச் சொல்லும் வேலையும் சாட்சுகியின் தலையில்தான் விழுகிறது. தாயாருக்குச் சாதாரண ஜலதோஷந்தான், வருகை மட்டும் தள்ளிப்போகிறது என்ற சமாதானம் கிடைக்கிறது. மேய் அதை ஏற்காமல் வீம்பு செய்ய, அதுவரை ஒருநாளும் பொறுமை இழக்காத சாட்சுகி, தாயார் செத்துப்போனாலும் உனக்குச் சம்மதமா என்ற பொருளில் கத்திவிடுகிறாள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததென்று யோசியுங்கள். ஒரு கணத்துக் கோபத்தில் அப்படியொரு சொல் பிறப்பதில்லை. எத்தனையோ இரவுகள் அது அவள் நெஞ்சுக்குள் கிடந்திருக்கவேண்டும்.

சற்று நேரம் சென்றபின், ஆறுதல் சொல்ல வந்த கான்டாவின் பாட்டியிடம் அவள் சொல்லும் வாக்கியமே, என் மதிப்பில், இப்படத்தின் ஹிருதயம். முன்பும் இப்படியேதான் சொன்னார்கள், ஜலதோஷம் போலத்தான், சில நாட்களில் திரும்பிவிடுவாள் என்றுதான் சொன்னார்கள் என்கிறாள். அம்மா இறந்துவிட்டால் என்ன செய்வேன் என்று சொல்லி, வாய்விட்டு, சிறு குழந்தையைப்போல் அழுகிறாள். பெரியவர்கள் பிள்ளைகளின் நன்மையை உத்தேசித்துச் சொன்ன மிருதுவான பொய் ஒன்றை, மூத்த பிள்ளை சொல்லுக்குச் சொல் மனத்தில் பதித்து வைத்திருந்து, அடுத்த முறை அதே சொல் வரும்போது அதன் அர்த்தத்தைத் தானே வருவித்துக்கொள்கிறது. இளையவளின் பயத்தைப் போக்கும் சமாதானமே மூத்தவளுக்குப் பயத்தின் அறிகுறியாகிவிடுகிறது. நோயாளி இருக்கும் வீட்டில் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நாம் எல்லோரும் இந்த ஒரு காட்சிக்காகவே இப்படத்தைப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இயக்குநருக்கு இது கேள்விஞானமன்று. 1941-ல் பிறந்த மியாசாகியின் தாயார், அவர் சிறுவனாக இருந்த காலத்தில், முதுகெலும்பைத் தாக்கிய காசநோயால் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் இருந்தார். 1950 வரையில் ஜப்பானில் மரணத்துக்கு முதற்காரணமாக நின்றது காசநோயே என்பதை நினைத்தால், அக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தாயின் இருமலும் ஆஸ்பத்திரி என்ற சொல்லும் எவ்வளவு அச்சம் தந்திருக்கும் என்பது புலப்படும். படத்தில் நோயின் பெயரை ஒருவரும் உச்சரிப்பதில்லை. அந்த மௌனமும் அக்காலத்து வீடுகளில் நிலவிய மௌனந்தான். இன்னொரு செய்தியையும் அறிந்து வியந்தேன். முதலில் மியாசாகியின் எண்ணத்தில் இருந்தது ஒரே சிறுமி. பிற்பாடுதான் அவளைத் தமக்கையும் தங்கையுமாக இருவராக்கினார். அதனாலேயே படத்தின் விளம்பரச் சித்திரத்தில் டோட்டோரோவின் அருகே பஸ் நிறுத்தத்தில் நிற்பவள், இருவரின் சாயலும் கொண்ட ஒருத்தியாகவே இன்றளவும் இருக்கிறாள். அடம்பிடிக்கும் மேயும் அடங்கிப்போகும் சாட்சுகியும் ஒரே குழந்தையின் இரு பாதிகள் என்று நான் கொள்வதற்கு இதுவே போதுமான ஆதாரம். உங்கள் மூத்த மகளுக்குள்ளும் ஒரு மேய் இருக்கிறாள். அழுவதற்கு அவளுக்குத் தருணம் வாய்க்கவில்லை, அவ்வளவே.

அதே நாளில், அதே திரையரங்குகளில், இப்படத்தோடு இணைத்துக் காட்டப்பட்டது, மியாசாகியின் தோழரான இசாவோ தகஹாட்டா இயக்கிய 'மின்மினிகளின் கல்லறை'. 1945-ஆம் வருஷத்து விமானக் குண்டுவீச்சில் தாயை இழந்த பதினான்கு வயதுச் சிறுவன், அம்மரணத்தைத் தன் சிறு தங்கையிடமிருந்து மறைத்து, அவளைத் தான் ஒருவனாகவே காப்பாற்ற முயன்று தோற்கும் கதை அது. அதைக் குழந்தைகளுக்குக் காட்டும்படி நான் சொல்லமாட்டேன். நீங்கள் தனித்திருந்து பார்க்கலாம். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்க்கு ஒன்று தெளிவாகும்: தாயைப் பிரிந்து, தனக்கு இளையதைத் தூக்கிச் சுமக்கும் மூத்த குழந்தை என்ற ஒரே விஷயத்தை இரு நண்பர்களும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றில் அந்தக் குழந்தைக்குத் துணை நிற்க எவருமில்லை. மற்றதில் ஒரு பாட்டி, ஒரு பக்கத்து வீட்டுப் பையன், வயலில் வேலைசெய்யும் கிராமத்தார், ஒரு மரத்துப் பூதம் என்று ஓர் ஊரே துணைக்கு வருகிறது. சாட்சுகி தப்பிப் பிழைத்தது தைரியத்தால் என்பதைவிட, அவள் அழுததைக் கேட்க ஆள் இருந்ததால் என்றே சொல்லவேண்டும்.

தமக்கை அழுவதைக் கண்ட மேய், பாட்டியின் தோட்டத்தில் தான் பறித்த சோளக்கதிரைத் தின்றால் தாயாருக்குக் குணமாகிவிடும் என்று நம்பி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு வழிதவறுகிறாள். குழந்தையின் முன்னால் அழக்கூடாது என்பதற்கு இதுவே சான்று என்று சிலர் வாதிப்பார்கள். எனக்கு அவ்வாதம் உடன்பாடன்று. இரண்டு குழந்தைகளிடமும் உண்மையை முன்னமே உட்கார்த்திவைத்துச் சொல்லியிருந்தால், மூத்தவள் இடிந்துபோயிருக்கமாட்டாள், இளையவள் மருந்து சுமந்து ஓடியிருக்கமாட்டாள். தேடி ஓடிக் களைத்த சாட்சுகி கடைசியில் தனக்கென்று முதன்முறையாக ஓர் உதவியைக் கேட்கிறாள்; டோட்டோரோ பூனைவடிவப் பஸ்ஸை வரவழைக்கிறது; அது அவளை மேய் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும், பின்பு இருவரையும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுசேர்க்கிறது.

அங்கே ஜன்னலுக்குள் தாயும் தகப்பனாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் வெளித்தோற்றத்தைவிட எவ்வளவோ அதிகமாகத் தாங்கிக்கொண்டிருந்திருப்பார்கள் என்றும், சாட்சுகி சொன்னால் கேட்கும் பிள்ளையாகையால் அவளை நினைத்தால்தான் இன்னும் பரிதாபமாக இருக்கிறது என்றும், வீடு திரும்பியதும் இருவரையும் இஷ்டம்போல் அடம்பிடிக்க விடப்போவதாகவும் தாயார் சொல்கிறாள். நல்ல பிள்ளை என்ற பாராட்டைக் கேட்டு மகிழும் தாய்மார்களை நாம் பார்த்திருக்கிறோம். தன் மகள் நல்ல பிள்ளையாக இருக்கிறாளே என்பதற்காகவே அவள்மேல் இரக்கப்படும் தாயை நான் வேறெந்தப் படத்திலும் பார்த்ததில்லை. இறுதியில் பெயர்கள் ஓடும்போது வரும் சித்திரங்களில் தாயார் வீடு திரும்பியிருக்கிறாள். சாட்சுகி ஊர்ப்பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருக்கிறாள். பெயர்கள் வந்ததுமே எழுந்துபோய்விடாதீர்கள்.

தாயார் இறந்துவிடுவாளோ என்ற பயத்தைக் குழந்தைகளின் படத்தில் வைக்கலாமா என்று நீங்கள் தயங்கலாம். அந்தப் பயத்தைப் படம் குழந்தைக்குப் புதிதாகத் தருவதில்லை. வீட்டில் யாரேனும் ஒருநாள் படுத்துவிட்டாலே அது பிறந்துவிடுகிறது. தனக்கு மட்டுமே தோன்றும் பாப நினைவென்று குழந்தை அதை ஒளித்துவைக்கிறது. அதே நினைவை இன்னொரு சிறுமி உரக்கச் சொல்லி அழுவதையும், அதற்காக யாரும் அவளைக் கடியாததையும் திரையில் காண்பது அக்குழந்தைக்குப் பெரும் விடுதலையாகும் என்பது என் நிச்சயமான நம்பிக்கை.

ஆகவே, ஓய்வான ஒரு பிற்பகலில் இதைப் பாருங்கள். இளையவர்கள் எங்கே உட்கார்ந்தாலும் டோட்டோரோவைக் கண்டு சிரித்துக்கொள்வார்கள்; நீங்கள் மூத்த பிள்ளையின் அருகில் உட்காருங்கள். குளத்தில் கிடைத்த செருப்பு மேயினுடையதோ என்று ஊரார் கலங்கும் கட்டம் சிறு பிள்ளைகளுக்கு அச்சம் தரும்; அது அவளுடையதன்று என்று முன்னாலேயே காதில் சொல்லிவிடலாம். படம் முடிந்ததும் நீதி என்னவென்று கேள்வி கேட்காதீர்கள். உங்கள் வீட்டில் இப்போது எவரேனும் நோயுற்றிருந்தால், வைத்தியர் சொன்னது இன்னது, தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்பதை அன்றைக்கே மூத்த பிள்ளையிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அடுத்த நாள் காலையில் அவள் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கும் வேலைகளில் ஒன்றையாவது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் பிள்ளைகளின் நலம் நாடும் அன்பன்